தாத்தா புதைத்த டின்னில் 'எல்' எழுத்துப் போட்ட காசு: போலியா?

திங்கன்ஜூன் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். காசு விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும். வீட்டில் இதனால் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது.

போன மாதம் ரங்கூனில், திங்கன்ஜூனில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்படித் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டோம். பழைய அடுப்புமேடைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. அப்பாவுக்கு 78 வயது. டின்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. இந்த டின்னைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறார், யாரும் பார்த்ததில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, தாத்தா கையில் இருந்த வெள்ளிக் காசையெல்லாம் டின்னில் போட்டுப் புதைத்துவிட்டு, பிப்ரவரியில் அரக்கான் வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போனார். அப்பத்தா இங்கேயே இருந்தார். தாத்தா 1946-ல் திரும்பி வந்தார், 1947-ல் அப்பா பிறந்தார். அப்பத்தா 1949-ல் இறந்துவிட்டார், இரண்டு வருடத்தில் தாத்தாவும் போய்விட்டார். அப்பாவை வளர்த்தது அவருடைய அத்தைதான். "புதைத்தது புதைத்ததுதான், அதற்கப்புறம் ஒருத்தர் கையும் படவில்லை" என்று அந்த அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

டின்னில் மொத்தம் 63 காசு. விக்டோரியா ராணி தலை போட்டது 10, அதில் நான்கு 1862. மொட்டைத்தலை ராஜா (எட்வர்ட் என்று மகன் சொல்கிறான்) 9. தாடி வைத்த ஜார்ஜ் 34. 1940, 1941 என்று போட்ட ரூபாய் 6. தோகை விரித்த மயில் போட்ட பர்மாக் காசு ஒன்று. கடைசியாகச் சின்னக் காசு மூன்று: அரை ரூபாய் இரண்டு, கால் ரூபாய் ஒன்று. அந்த மூன்றிலும் 1944 என்று இருக்கிறது. பின்பக்கத்தில் அடியில், பூவேலையை ஒட்டி, பொடியாக ஆங்கில எழுத்து எல் இருக்கிறது.

அத்தையின் பேரன், எனக்கு அத்தான் முறை, பக்கத்து வீடு. டின்னில் அவருக்கும் பங்கு உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர், "1942-ல் புதைத்த டின்னில் 1944 காசு எப்படி வந்தது? நல்ல காசை எடுத்துக்கொண்டு போலிக் காசைப் போட்டிருக்கிறீர்கள். எல் என்று ஒரு காசுச்சாலையே கிடையாது" என்கிறார். அப்பா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

என் கேள்விகள் இவ்வளவுதான். எல் என்றால் என்ன? சில காசில் ஒரு புள்ளி இருக்கிறது, சிலவற்றில் பி என்ற எழுத்து இருக்கிறது, பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லை. இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? இவை நல்ல காசுகள்தானா?

கம்பைக்காரர்:

தங்கச்சி, எனக்குத் தெரிந்து வெள்ளைக்காரன் காலத்தில் காசு அடித்தது கல்கத்தாவிலும் பம்பாயிலும்தான். எல் என்று நான் பார்த்ததில்லை. கடைத்தெருவில் இப்போது வெள்ளி ரூபாய் மாதிரி வார்த்து நிறைய விற்கிறார்கள். உங்கள் அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கலாம். காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் போலி.

மோல்மேன் பத்தர்:

அம்மா, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். எல் என்றால் லாகூர். அரசாங்கக் காசுச்சாலை, முழுக்க முழுக்க உண்மையானது. சண்டைக்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்து கல்கத்தாவும் பம்பாயும் சமாளிக்க முடியாமல் போனதால் லாகூரில் புதிதாகத் தொடங்கினார்கள். 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்த அரை, கால் ரூபாய்களில் அந்த எல் எழுத்தைப் பார்க்கலாம். பிரிவினைக்குப் பிறகு அந்தக் காசுச்சாலை பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதனால்தான் நம் பக்கத்தில் அது பலர் நினைவில் இல்லை. கம்பைக்கார அண்ணன் பார்த்ததில்லை என்பதில் தவறில்லை. ஆனால் காந்தச் சோதனையை இப்படிப் பொதுவாகச் சொல்லக்கூடாது. 1947-ல் வந்த புலி போட்ட ரூபாய் சுத்த நிக்கல், அது காந்தத்தில் நன்றாக ஒட்டும், அதுவும் அரசாங்கக் காசுதான்.

நான் நாற்பது வருடம் பட்டறையில் உட்கார்ந்தவன். அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாய் கொண்டுவந்து உருக்கிக் கொலுசு, தண்டை, அரைஞாண் செய்துகொள்வார்கள். இருபது ரூபாய்க் காசு இருந்தால் குழந்தைக்குக் கனமாகவே ஒரு ஜோடி தண்டை செய்யலாம். என் கையால் எத்தனை காசை மூசையில் போட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போது மனது வலிக்கிறது. ஒரு நாள், உருக்கப்போகும் காசை என் மகள் தரையில் வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுக்கு மட்டும் பொட்டு இருக்கு" என்று ஒன்றைக் காட்டினாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தப் புள்ளியைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் பல வருடம் பார்த்தது எல்லாம் வெறும் வெள்ளி. அன்றிலிருந்து உருக்குவதற்கு முன் ஒவ்வொரு காசின் ஆண்டையும் குறியையும் நோட்டில் எழுதிவைத்தேன். அதில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

குறி எதற்கு என்றால், பொறுப்புக்கு. ஒரே ராஜா, ஒரே அச்சு, ஆனால் அடிப்பது இரண்டு மூன்று ஊரில். ஒரு காசு எடை குறைந்தாலோ, மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, குறைந்தாலோ எந்த ஊர்ச் சாலையைப் போய்க் கேட்பது? அதற்காக ஒவ்வோர் ஊரும் தன் அடையாளத்தை ஓர் ஓரத்தில் வைக்கும். நாங்கள் நகைக்கு உள்பக்கம் முத்திரை குத்துவது போலத்தான்.

இது நம் தமிழ்நாட்டுப் பக்கம் ரொம்பப் பழைய சங்கதி. ஆற்காட்டு ரூபாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பாரசீக எழுத்தில் ஆற்காட்டில் அடித்தது என்றே இருக்கும். ஆனால் எல்லாம் ஆற்காட்டில் அடித்தது அல்ல. சென்னையில் கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், அடித்தான், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்தான். 1736-ல் புதுச்சேரி கவர்னர் துய்மா அதற்கான உரிமையை வாங்கினார். மூன்று இடத்துக் காசிலும் ஊர்ப்பெயர் ஒன்றுதான். பிரித்துச் சொல்வது ஒரு சின்னச் சித்திரம்: பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. எழுத்து மறைத்ததை ஓரத்தில் இருக்கும் ஒரு பூ சொல்லிவிடுகிறது. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்ப்பாக இருக்கும்.

சரி, உங்கள் டின்னுக்கு வருகிறேன்.

குறியே இல்லாத காசு கல்கத்தா. தலைமைச் சாலை என்பதால் பெரும்பாலும் குறி போடவில்லை. லண்டன் சாலையும் அப்படித்தான். 1829-லிருந்து ஹூக்ளி நதிக்கரையில், ஸ்ட்ராண்ட் ரோட்டில், கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் வைத்துக் கட்டிய கட்டடத்தில் அடித்தார்கள். பர்மாவுக்குக் கப்பல் கல்கத்தாவிலிருந்துதான் அதிகம் வந்தது, காசும் அந்தக் கப்பலில்தான் வந்திருக்கும். என் நோட்டிலும் பாதிக்கு மேல் குறியில்லாத காசுதான். ஆகவே உங்கள் டின்னிலும் அப்படி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. குறி இல்லாததையும் குறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பி இருந்தால் பம்பாய். எட்வர்ட் ரூபாயில் கீழே பூத்தண்டுப் பக்கம் குழிவாக வெட்டியிருக்கும். ஜார்ஜ் வந்த பிறகு எழுத்தை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தாமரைப் பக்கம் ஒரு புடைத்த புள்ளி வைத்தார்கள். உங்கள் புள்ளிக்காசு அதுதான். 1940-களில் சில பம்பாய்க் காசில் புள்ளிக்குப் பதில் குட்டி டைமண்ட் இருக்கும். இன்றைக்கும் இந்தியாவில் பம்பாய்க் காசுக்கு டைமண்ட்தான், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கல்கத்தாவுக்கு இப்போதும் ஒன்றும் கிடையாது.

1862 போட்ட நான்கையும் தனியாக எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஆண்டை நம்பாதீர்கள். 1874 வரைக்கும் அதே 1862-ஐத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் காசு மாற்றித் தரும் சராப்புக்காரர்கள் பழைய ஆண்டுக் காசு என்றால் தேய்மானம் என்று சொல்லி வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள். ஆண்டை மாற்றாமல் விடுவது அதைத் தடுக்க கும்பினிக் காலத்திலிருந்தே இருந்த வழி. ஆனால் பம்பாய்க் காசில் ஆண்டின் பக்கம் புள்ளிகள் இருக்கும். சேகரிக்கிறவர்கள் அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் இது எந்த ஆண்டு அடித்தது என்று பிரிக்கிறார்கள். உங்கள் மயில் காசும் அதே கதைதான். அதில் பர்மிய எண்ணில் 1214 என்று இருக்கும், அது மிண்டோன் மன்னர் பட்டத்துக்கு வந்த பர்மிய ஆண்டு. மண்டலேயில் இயந்திரம் வைத்துக் காசு அடிக்கத் தொடங்கியதோ 1865-ல். அதற்கு முன் மன்னர் நாட்டில் காசுப் புழக்கம் இல்லை என்றே சொல்லலாம். வெள்ளிக் கட்டியை வெட்டி, நிறுத்து, மாற்றுப் பார்த்துத்தான் வியாபாரம். மாற்றுப் பார்த்துச் சொன்னவர்தான் ப்வேசா. இன்று நாம் தரகரைக் கூப்பிடுகிற அதே சொல். மயில் காசின் எடை இந்திய ரூபாயின் எடையேதான், 11.66 கிராம். இரண்டும் ஒரே சந்தையில் புழங்க வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள்.

தாடி ஜார்ஜில் 1918, 1919 இருந்தால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். முதல் மகாயுத்தத்தில் இந்தியாவில் வெள்ளி தீர்ந்துபோனது. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு ஜனம் வரிசையில் நின்றது. அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் கஜானாவில் இருந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்குச் சமீபமாக உருக்கியது. பெரும்பகுதி இங்கிலாந்துக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே அது ரூபாயாக ஆனது. அந்த டாலர்கள் பலவற்றிலும் எந்த ஊரில் அடித்தது என்ற எழுத்து இருந்தது. எல்லாம் கரைந்து, மேலே ஒரு தாமரை, ஒரு புள்ளி வந்தது. உருக்கியவன் என்ற முறையில் எனக்கு அந்தச் செய்தி லேசாகப் போவதில்லை.

1940, 1941 ரூபாய் ஆறும் கொஞ்சம் மங்கலாக, செம்பு நிறம் எட்டிப்பார்க்கிற மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். அதுவரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி இருந்தது. 1940-ல் அதை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்துவிட்டார்கள். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். கள்ளக்காசைத் தடுக்க விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளமும் ஓட்டினார்கள். நகத்தால் தடவினால் தெரியும்.

இப்போது அத்தான் கேட்ட கேள்வி. 1942-ல் புதைத்த டின்னில் 1944 எப்படி? அவர் கேட்டது நல்ல கேள்வி, அவர் எடுத்த முடிவுதான் தப்பு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. 1945 மே வரை அவன் கையில்தான். அந்த மூன்று வருடத்தில் இங்கே ஓடியது ஜப்பான் நோட்டு. லாகூரில் 1944-ல் அடித்த காசு ரங்கூனுக்கு வர வேண்டுமானால் பிரிட்டிஷ் படை திரும்பி வந்த பிறகுதான் வர முடியும், படையோடோ அதற்குப் பின்னோ. பர்மாவுக்கென்று தனிக் காசு அப்போது கிடையாது. 1937-ல் இந்தியாவிலிருந்து பிரித்த பிறகும் இந்தியக் காசுதான் ஓடியது. ஆக, 1945 மேக்குப் பிறகு யாரோ டின்னைத் திறந்து அந்த மூன்று காசை உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப மூடியிருக்கிறார்கள். போலி போடுகிறவன் இருபது ரூபாய் எடுத்துக்கொண்டு இருபது ரூபாய் போடுவான். இரண்டு அரையும் ஒரு காலும் போட்டுவிட்டுப் போகமாட்டான். உங்கள் வீட்டுப் பழைய கதையில்தான் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

கடைசியாக மூன்று வேண்டுகோள். புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும், அது காசின் தோல். உரைகல்லில் யாரையும் உரசவிடாதீர்கள், எடை பார்த்தால் போதும். அப்புறம், முடிந்தவரை டின்னைப் பிரிக்காதீர்கள். ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டால் இது 63 பழைய காசு. சேர்ந்து இருந்தால் உங்கள் வீட்டுச் சாட்சி.

சென்னையில் இருக்கும் பர்மாக்காரன்:

பத்தர் ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் 64-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள். அந்த வருடம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று சொன்ன அன்று என் தகப்பனார் கடைக் கல்லாவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. புறப்படும்போது அம்மா வெள்ளி ரூபாய் ஐந்தை எடுத்துவந்தார். துறைமுகத்தில் சோதனையில் வாங்கிக்கொண்டார்கள். அதில் எந்தக் குறி இருந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

திங்கன்ஜூன் சகோதரிக்கு ஒரு விஷயம். ஜார்ஜ் காசில் 1911 என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்த வருட ரூபாயில் ராஜா போட்டிருக்கும் மாலையில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை சரியாக அமையாமல் பன்றி மாதிரி தெரிந்ததால் ஜனங்கள் வாங்க மறுத்து, அடுத்த வருடமே யானையைத் திருத்தி அடித்தார்கள். 1911 காசு குறைவுதான், விலையும் கூட.

கம்பைக்காரர்:

தங்கச்சி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பத்தர் ஐயாவுக்கு நன்றி, என்னிடம் இருக்கும் காசையெல்லாம் இன்று இரவு மறுபடி பார்க்கப்போகிறேன்.

பெகு டீச்சர்:

எனக்குக் காசுக்குறி எதுவும் தெரியாது. நான் கணக்கு டீச்சர். பத்தர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று கூட்டிப் பார்த்தேன். அரையும் அரையும் ஒன்று, அதோடு கால். ஒன்றேகால் ரூபாய்.

நம் வீடுகளில் ஒன்றேகால் ரூபாய் எதற்கு எடுத்துவைப்போம்? என் அம்மா எனக்கு டைபாய்டு வந்தபோது மாரியம்மனுக்கு முடிந்து வைத்தது ஒன்றேகால் ரூபாய்தான். மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். திருவிழா வந்ததும் அப்படியே முடிச்சோடு உண்டியலில் போட்டார்.

அம்மா, அந்த மூன்று காசும் மற்றக் காசோடு கலந்து கிடந்தனவா, தனியாக ஏதாவது துணியில் இருந்தனவா? டின் திறந்தபோது யார் பார்த்தார்கள்?

திங்கன்ஜூன் வாசகி:

டீச்சர், உங்கள் பதிலை வேலையில் இருக்கும்போது போனில் படித்தேன். உடனே வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

டின்னைத் திறந்தது என் மகன். மூடி வராமல் நெம்பித் திறந்தான். "மேலே ஒரு அழுக்குத் துணியும் காகிதமும் இருந்தது, அதைத் தூரப் போட்டுட்டேன்" என்றான். அடுப்படியில் உடைத்த செங்கல்லையெல்லாம் பின்பக்கம் குவித்துவைத்திருந்தோம், நல்லவேளை இன்னும் அள்ளவில்லை. நானும் அவனும் கிளறிப் பார்த்தோம். துணி கிடைத்தது. உள்ளங்கை அளவுதான். முடிச்சுப் போட்ட மடிப்பு இன்னும் இருக்கிறது. நிறம் பழுப்பு, ஆனால் மடிப்பின் உள்ளே விரித்துப் பார்த்தால் மஞ்சள். காகிதமும் கிடைத்தது, நான்காய்க் கிழிந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தால் பத்து ரூபாய் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஓரத்தில் பி என்று தொடங்கும் இரண்டு எழுத்து. இது அந்த ஜப்பான் நோட்டா?

அப்பாவிடம் காட்டினேன். துணியைக் கையில் வாங்கியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையே இல்லையாம். தாத்தா நடந்து போனபோதும் அப்பத்தா வெறும் கையோடுதான் இருந்தாராம். இதை அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அப்பா சொன்னார்: "எங்க ஐயா திரும்பி வரணும்னு முடிச்சுப் போட்டிருந்தால் அவர் வந்த உடனே அம்மா கோயிலில் சேர்த்திருப்பாளே. சேர்க்காமல் கிடக்குதுன்னா அது எனக்காக முடிஞ்சது. எனக்கு மொட்டை போடும்போது கட்டலாம்னு வெச்சிருப்பா. அதுக்குள்ளே போயிட்டா." அவருக்கு மொட்டை போட்டதாகவே யாரும் சொன்னதில்லையாம். இரண்டு வயதில் தாய் போன பிள்ளைக்கு அப்போது யார் அதையெல்லாம் பார்த்தார்கள்.

அத்தான் வந்திருந்தார். துணியைப் பார்த்தார், பத்தர் ஐயாவின் பதிலை மகன் வாசித்துக் காட்டினான். அவர் ஒன்றும் சொல்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

இப்போது என் கேள்வி இதுதான், பத்தர் ஐயா. டின்னைப் பிரிக்கக்கூடாது என்று சொன்னீர்கள். அப்பா அந்த மூன்று காசையும் கோயிலில் செலுத்திவிட வேண்டும் என்கிறார். அதற்குப் பதிலாக இப்போதைய பணம் போட்டால் போதாதா என்று மகன் கேட்கிறான். நான் என்ன செய்வது?

மோல்மேன் பத்தர்:

ஆமாம் அம்மா, அது ஜப்பான் நோட்டு. பி என்றால் பர்மா. மலேயாவுக்கு அடித்த நோட்டில் எம் என்று தொடங்கும். சண்டை முடிந்ததும் அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போனதால், காகிதமாக மடித்துச் சுற்றியிருக்கிறார் உங்கள் அப்பத்தா. நோட்டு செல்லாமல் போய், லாகூர்க் காசு கைக்கு வந்த காலம். 1945 மேக்கு முன்னால் அது நடந்திருக்க முடியாது, அப்பா பிறந்த வருடத்துக்குப் பிறகு ரொம்பத் தள்ளியும் இருக்காது. உங்கள் அப்பா சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

டின்னைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னேன். இந்த மூன்றையும் அதில் சேர்க்காதீர்கள். முடிந்து வைத்த அன்றே அவை உங்கள் வீட்டுக் காசாக இல்லாமல் போய்விட்டன, இத்தனை வருடம் பத்திரமாக இருந்திருக்கின்றன, அவ்வளவுதான். பதிலுக்கு வேறு பணம் வேண்டாம். அதே காசு, அதே துணி.

கொண்டுபோவதற்கு முன் ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மூன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எல் எழுத்து தெரிகிற மாதிரி வெளிச்சத்தைச் சாய்த்து எடுங்கள். எடை பாருங்கள். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம் சுமாருக்கு இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அப்பாவும் அத்தானும் கையெழுத்துப் போட்டு, மீதி அறுபது காசோடு டின்னுக்குள் வையுங்கள். நோட்டையும் ஒட்டி அதிலேயே வையுங்கள். பிறகு திறப்பவர்களுக்கு அந்த மூன்று எங்கே போயின என்று தெரிய வேண்டும்.

மொட்டை போடும் நாள் முடிவானதும் எழுதுங்கள். பஸ் வசதி இருந்தால் நானும் வருகிறேன்.